உட்கார்ந்துவிட்ட ஹெட்லைட்

மாசிலாமணியின் நோட்டில் துரோகங்கள் வரிசை பிசகாமல் இருந்தன. ஒன்று: ஆலை வேலைநிறுத்தத்தின் மூன்றாம் நாள் வேலை பார்க்கக் கேட்டுக்குள் நுழைந்த கோதண்டம். இரண்டு: அவனுக்கு டீ ஊற்றிக் கொடுத்த கேன்டீன்காரர். மூன்று: அந்த டீயில் அரை கிளாஸ் வாங்கிக் குடித்த சங்கப் பொருளாளர். வேலைநிறுத்தத்தை உடைக்கும் கருங்காலியின் பெயரை இரண்டு சாட்சிகள் முன்னால் உரக்க வாசிக்க வேண்டும் என்பது குருவிமேட்டுச் சங்கத்தின் சட்டம். மூன்று பெயரையும் வாசித்தவர் தலைவர் மாசிலாமணிதான். குரல் ஒருமுறைகூடப் பிசிறவில்லை.

அப்பேர்ப்பட்டவரின் ஆட்சியில், சங்கத்துப் பழைய பிக்கப் வண்டியின் இடது ஹெட்லைட் எரியாமல் போனது. நான்கு மணிக்குள் போக்குவரத்து ஆய்வாளரிடம் வண்டியைக் காட்டி எஃப்.சி. என்ற தகுதிச் சான்றை வாங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் நாளை சந்தைக்குத் தக்காளி போகாது. சங்கத்து உறுப்பினர்கள் ஐந்து வீட்டு விளைச்சலும் அழுகும்.

மெக்கானிக் மஜீத் பாய் போனில் சொன்னார்: "ரெண்டு பல்பையும் இடம் மாத்திப் போட்டுப் பாருங்க."

போட்டார்கள். இடது எரிந்தது. வலது அணைந்தது.

"இப்ப இந்தப் பக்கம் உட்கார்ந்துட்டான்," என்றார் டிரைவர் சடையப்பன்.

மறுபடி மாற்றினார்கள். வலது எரிந்தது, இடது அணைந்தது. ஏழு தடவை மாற்றியும் அதே கதை.

"எங்க கொண்டுபோய் வெச்சாலும் கொள்கை மாற மாட்டேங்குறான்," என்றார் மாசிலாமணி. "இது வேலைநிறுத்தம்."

"அது செத்த பல்பு தோழர்! புதுசு மாட்டுங்க!" என்று போனில் அலறினார் பாய்.

"போராடுறவனை எடுத்துட்டுப் புது ஆளைப் போடுறதா? பாய், நீங்க எப்ப முதலாளி பக்கம் போனீங்க?"

கடையில் வாங்கி வந்திருந்த புதுப் பல்பைச் சங்க உறுப்பினர் ராக்காயி அவசரமாக முந்தானைக்குள் மறைத்தாள்.

"அண்ணே, அவன் உட்கார்ந்திருக்கான், சரி. பக்கத்துல இன்னொருத்தன் பளபளன்னு வேலை பார்க்குறானே?" என்று பேச்சை மாற்றினாள்.

மாசிலாமணி எரிகிற பல்பை முறைத்தார்.

"திருந்த ஒரு வாய்ப்புக் கொடுப்போம்," என்று அதன் வயரைப் பிடுங்கினார். இரண்டும் இருண்டன. ஒற்றுமையைக் கண்டு மூவரும் கைதட்டினார்கள். அடுத்து ஹாரனுக்கு நியாயம் எடுத்துச் சொல்லி அதன் வயரையும் பிடுங்கினார்கள். பிறகு வைப்பர். கடைசியில் பேட்டரியும் இறங்கியது. என்ஜினும் போராட்டத்தில் கலந்துகொண்டது.

"தக்காளி?" என்றார் சடையப்பன்.

"வண்டியைத் தள்ளுவோம்!"

ஆய்வாளர் அலுவலகம் மூன்று கிலோமீட்டர். சடையப்பன் ஸ்டியரிங்கில். மேட்டில் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கச் செங்கல்லோடு ராக்காயி. "போராட்டம்னா மத்தவங்களைத் தள்ளவிட்டு நான் வேடிக்கை பார்த்ததில்லை," என்று மாசிலாமணி தனியாளாகத் தள்ளினார்.

மூன்று ஐம்பத்தெட்டுக்கு வாசலில் ஆய்வாளர் கேட்டார்: "என்ஜின் என்னய்யா ஆச்சு?"

"வேலைநிறுத்தம் சார்."

"அப்ப அதோட வேலையை இவ்வளவு நேரம் யார் பார்த்தது?"

மாசிலாமணி மற்ற இருவரையும் திரும்பிப் பார்த்தார்.

"நான் ஸ்டியரிங்தான் பிடிச்சேன்," என்றார் சடையப்பன்.

"நான் கல்லுதான் வெச்சேண்ணே," என்றாள் ராக்காயி.

மணி நான்கு. ஆய்வாளர் கதவைச் சாத்தப் போனார்.

"கொஞ்சம் பொறுங்க சார், சங்கத்து வேலை ஒண்ணு பாக்கி இருக்கு," என்று மாசிலாமணி அவரைத் தடுத்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, சாட்சிகள் இருவரையும் எதிரே நிறுத்தினார். நோட்டில் எழுதினார். பிசிறில்லாத குரலில் வாசித்தார்:

"நான்கு: மாசிலாமணி!"