முதல் சுள்ளி

மலைக்கு மேற்கே தாழங்குளம் என்று ஒரு குளம். குளத்தின் நடுவே கூட்டமாய் நீர்க்கடம்ப மரங்கள். அந்த மரங்களில் நாரைகளும் கொக்குகளும் அரிவாள்மூக்கன்களும் குடியிருந்தன. அரிவாள்மூக்கன்களில் ஒருத்திதான் வளைமூக்கி.

அவளுக்கு நீண்டு வளைந்த மூக்கு. அதைச் சேற்றுக்குள் மட்டுமா நுழைப்பாள்? வேண்டாத இடத்தில் எல்லாம் நுழைப்பாள். "ஏன்? எதுக்கு? எப்படி?" என்று நாலு பேரைக் குடையாவிட்டால் அவளுக்கு இரை செரிக்காது.

இந்தப் பறவைகள் தாழங்குளத்துக்குப் பூர்வீகம் அல்ல. மூன்று தலைமுறைக்கு முன்னால், மலைக்குக் கிழக்கே இருந்த பேரேரியில் இடம் பற்றாமல் போயிற்று. அங்கே இப்போதைய கூழைக்கடா ராஜாவின் தாத்தா ஆண்டுகொண்டிருந்தார். "மேற்கே போய்ப் பிழைச்சுக்கோங்க! ஆனா எங்கே போனாலும் நீங்க என் குடிகள்தான்!" என்று சொல்லிச் சிலரை அனுப்பி வைத்தார். வந்தவர்களுக்கும் அதில் பெருமைதான். மூன்று தலைமுறை போன பிறகும், பேரேரி என்று சொல்லும்போதே கழுத்தை நிமிர்த்திக்கொள்வார்கள்.

அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ராஜா தன் அலகால் ஒரு சுள்ளியை எடுத்துக் கொடுப்பார். நீர்க்காகம் ஒன்று அதைத் தூக்கிக்கொண்டு மலையைத் தாண்டி வரும். அந்த முதல் சுள்ளி மரத்தில் ஏறிய பிறகுதான் தாழங்குளத்தில் யாரும் கூடு கட்டலாம். அதற்கு முன்னால் ஒரு துரும்பைக்கூடத் தொடக் கூடாது.

சுள்ளி ஐப்பசியில் வரும். ஏனென்றால் பேரேரியில் மழை ஐப்பசியில்தான்!

தாழங்குளத்திலோ மழை ஆனியிலேயே வந்துவிடும். ஆடியில் குளம் ததும்பும். மீனும் நத்தையும் துள்ளி விளையாடும். பறவைகள் அதைப் பார்த்துக்கொண்டே, கிழக்கே கழுத்தை நீட்டி, சுள்ளிக்காகக் காத்திருக்கும். சுள்ளி வந்து, கூடு கட்டி, முட்டையிட்டு, குஞ்சு வாயைப் பிளக்கிற நேரத்தில் குளம் சேறாகியிருக்கும். பத்துக் குஞ்சில் ஒன்றிரண்டு பிழைத்தால் உண்டு.

போன வருஷம் வளைமூக்கிக்கு மூன்று குஞ்சுகள். மூன்றும் ஒரே வாரத்தில் பசியால் செத்துப்போயின. வெறும் கூட்டின் ஓரத்தில் அவள் பல நாள் உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த பிறகு, வழக்கம்போல ஒரு கேள்வி வந்தது. ஏன் செத்தன?

குளத்துக்குத் தலைவர் நெடுங்காலன் என்ற நாரை. அவரிடம் போய்க் கேட்டாள்.

"நம்ம தலையெழுத்தும்மா," என்றார் அவர்.

"ஏன் பெரியப்பா, தலையெழுத்து பேரேரியில மட்டும் நல்லா எழுதிருக்கு?"

நெடுங்காலன் ஒரு காலை மடக்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். பதில் இல்லாதபோது அவருக்கு உடனே தூக்கம் வந்துவிடும்.

கரையோரத் தாழம்புதரில் ஒரு நீர்க்கோழிக் குடும்பம் இருந்தது. அவர்கள் அந்தக் குளத்துப் பூர்வீகக் குடிகள். தாய்க்கோழி கொழுகொழுவென்று ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியிருந்தாள். வளைமூக்கி அங்கே போய் மூக்கை நுழைத்தாள்.

"அக்கா, நீங்க எந்த மாசம் கூடு கட்டுறீங்க?"

"ஆனியில மழை விழுந்ததும் கட்டுவேன். வேற எப்போ கட்டுறது?"

"உங்களுக்குச் சுள்ளி யார் தர்றாங்க?"

நீர்க்கோழி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "ஏன்டி, இத்தனை மரம் நிக்குதே, அது கண்ணுல படலையா?"

வளைமூக்கிக்குச் சுரீர் என்றது. தன் மூன்று குஞ்சுகளையும் கொன்றது தலையெழுத்து இல்லை, காத்திருந்ததுதான்! அவளுக்குத் துக்கமும் கோபமும் ஒன்றாய் முட்டிக்கொண்டு வந்தன.

அடுத்த ஆனி பிறந்தது. மழை பிடித்துக்கொண்டது. வளைமூக்கி நெடுங்காலனை விடவில்லை. "ராஜாகிட்ட எடுத்துச் சொல்லுவோம். சொன்னா கேட்காமலா போவார்?" என்று நச்சரித்து அவரையும் கிளப்பினாள். இருவரும் மலையைத் தாண்டிப் பறந்தார்கள்.

பேரேரியில் வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. ஏரியின் நடுவே இருந்த ஆழத்தில் மட்டும் தண்ணீர். சுற்றிலும் மரக்கிளைகளில் சபை கூடியிருக்க, ராஜா ஒரு மீனை விழுங்கிவிட்டு நிமிர்ந்தார்.

"என்ன விஷயம்?"

"மகாராஜா, எங்க பக்கம் மழை ஆரம்பிச்சாச்சு. சுள்ளியை இப்பவே குடுத்தீங்கன்னா பிள்ளைங்க பிழைக்கும்!" என்றாள் வளைமூக்கி.

ராஜா வானத்தை அண்ணாந்து பார்த்தார். ஒரு பொட்டு மேகம் இல்லை.

"மழையா? எங்கே மழை?"

"எங்க குளத்துல, மகாராஜா!"

"இங்கே பெய்யாதது எல்லாம் ஒரு மழையா?" என்றார் ராஜா. சபை சிரித்தது.

வளைமூக்கி விடவில்லை. "ஒரு தடவை வந்து பாருங்களேன்! முடியலைன்னா உங்க சபையில எங்களுக்கு ஒரு கிளை குடுங்க. எங்க ஊர்ச் சங்கதியை நாங்களே வந்து சொல்றோம்!"

சிரிப்பு நின்றது. ராஜாவின் தாடைப் பை கோபத்தில் ஆடியது.

"சபையில கிளை கேட்கிற அளவுக்கு வந்தாச்சா? எங்க தாத்தா அனுப்பி வச்ச கூட்டம், எனக்கே நாள் குறிக்குதா? இந்த வருஷம் சுள்ளி கார்த்திகையில்தான் வரும்! அதுவரை நீங்க ஒழுங்கா இருக்கீங்களான்னு பார்க்க என் நீர்க்காகங்கள் உங்க குளத்திலேயே தங்கும்!"

திரும்பி வரும்போது நெடுங்காலனின் கழுத்து தொங்கிப்போயிருந்தது. பேரேரி என்றால் உயிரை விடுகிறவர் அவர். அங்கே இப்படி ஓர் அவமானம் கிடைக்கும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

பின்னாலேயே நாற்பது நீர்க்காகங்கள் வந்து இறங்கின. நல்ல மரமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டன. நல்ல மீனாகப் பார்த்துத் தின்றன. வீட்டுக்காரன் ஓரமாக நிற்க, வந்தவன் கட்டிலில் படுத்த கதைதான்.

மழையோ நிற்கவில்லை. வளைமூக்கிக்கு வயிறு கனத்தது. முட்டையிடும் நாள் நெருங்கிவிட்டது. இந்த வருஷமும் காத்திருந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

ஒரு காலை, எல்லோரும் பார்க்க, நீர்க்கடம்பிலிருந்து ஒரு சுள்ளியை ஒடித்தாள். கிளைக் கவட்டில் வைத்தாள்.

நீர்க்காகங்களின் தலைவன் பறந்து வந்தான். "ஏய்! யார் குடுத்த சுள்ளி இது?"

"மரம் குடுத்தது!"

அவன் அதைப் பிடுங்கித் தண்ணீரில் எறிந்தான். அவள் இன்னொன்றை ஒடித்து வைத்தாள். அதையும் எறிந்தான். மறுபடி வைத்தாள். மறுபடி எறிந்தான். வளைமூக்கிக்கு இறக்கை ஓய்ந்தது. ஆனால் அடுத்த சுள்ளியை ஒடிக்கப் போனாள்.

அப்போது அவள் கவட்டில் யாரோ ஒரு சுள்ளியை வைத்தார்கள். திரும்பிப் பார்த்தாள். நெடுங்காலன்!

"எனக்கும் நாலு குஞ்சு போச்சும்மா," என்றார் அவர். "வருஷத்துக்கு ஒண்ணாப் போச்சு. தலையெழுத்துன்னு சொல்லிச் சொல்லி என்னை நானே ஏமாத்திக்கிட்டேன்."

அவ்வளவுதான்! குளம் முழுக்கச் சடசடவென்று சுள்ளி ஒடியும் சத்தம். இந்த மரத்தில் ஒன்றைப் பிடுங்கினால் அந்த மரத்தில் பத்து முளைத்தது. நாற்பது நீர்க்காகங்கள் எத்தனை கூட்டைத்தான் பிரிக்கும்? மாலைக்குள் களைத்துப்போய் மலைப்பக்கம் பறந்துவிட்டன.

செய்தி கேட்ட ராஜா ஒரு பெரும்படையை அனுப்பினார். அத்தனையும் கூழைக்கடாக்கள்! ஆனால் மலைக் கணவாயில் ஆடிக் காற்று எதிரே நின்று அறைந்தது. பாதிப் பேர் அங்கேயே திரும்பிவிட்டார்கள். மீதிப் பேர் சொட்டச் சொட்ட நனைந்து தாழங்குளத்தில் விழுந்தார்கள். பசிக்கு மீன் தேடினால், நிறைகுளத்தில் மீன் எந்தக் கோரைக்குள் ஒளியும் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. கூட்டை நெருங்கினாலோ, முட்டையை அடைகாக்கும் தாய்கள் கண்ணைக் குறிவைத்துக் கொத்தின. நீர்க்கோழிகளும் சேர்ந்துகொண்டு காலைக் கடித்தன.

மூன்றாம் நாள் படைத்தலைவர் நடுங்கிக்கொண்டே வளைமூக்கியின் மரத்தடிக்கு வந்தார்.

"ஏம்மா, இங்கே இந்த மாசத்துல எப்பவும் இப்படித்தான் கொட்டுமா?"

"வருஷம் தவறாம கொட்டும்."

"இதை எங்ககிட்ட யாரும் சொல்லவே இல்லையே!"

"சொன்னோமே! சபையே சிரிச்சுதே! அதுல நீங்களும் உண்டு!"

படைத்தலைவர் நனைந்த இறக்கையை உதறிக்கொண்டார். பிறகு, "இனிமே நாங்க வரமாட்டோம். உங்க குளம், உங்க பாடு," என்று சொல்லிவிட்டுத் தன் ஆட்களோடு போய்விட்டார். ராஜாவும் அதற்குப் பிறகு படை அனுப்பத் துணியவில்லை. அன்று முதல் தாழங்குளம் யாருக்கும் கட்டுப்படவில்லை. அந்த வருஷம் வளைமூக்கியின் குஞ்சுகள் மூன்றும் புரட்டாசியில் சிறகடித்துப் பறந்தன. அவள் அழுதாள், இந்தத் தடவை சந்தோஷத்தில்.

சில வருஷங்கள் போயின. பிழைத்த குஞ்சுகள் பெருகித் தாழங்குளத்திலும் இடம் பற்றாமல் போயிற்று. இளசுகள் சில தெற்கே ஒரு புது ஏரியைத் தேடிப் புறப்பட்டன. வளைமூக்கியின் மூத்த மகளும் அதில் ஒருத்தி.

"அம்மா, அங்கே போய் நாங்க எந்த மாசம் கூடு கட்டணும்? நீயே சொல்லிடு. அப்படியே செய்யறோம்!"

குளமே வளைமூக்கியைப் பார்த்தது. "ஆனின்னு சொல்லி அனுப்பும்மா, இதுல என்ன யோசனை?" என்றார் நெடுங்காலன். தன் வாய்ச்சொல்லுக்காக அத்தனை பேர் காத்திருப்பது வளைமூக்கிக்கு ஒரு கணம் இனிப்பாகத்தான் இருந்தது. சொல் நுனிநாக்குவரை வந்துவிட்டது.

அதை அவள் விழுங்கிக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாதுடி, கண்ணு. அங்கே மழை எப்போன்னு அந்த ஏரியில இருக்கிறவங்களைக் கேட்டுக்கோ. உனக்கு நாள் குறிக்க வேண்டியது நீதான்!"

குடிகளின் குரலுக்குக் காது கொடுக்காமல் தூரத்திலிருந்து கட்டளை மட்டும் அனுப்புகிறவர், எத்தனை பெரிய ராஜாவானாலும் அந்தக் குடிகளை இழந்தே தீருவார்.