போர்ட்டிகோவில் மஞ்சள் குட்டை

ஓய்வுபெற்ற சீஃப் எஞ்சினியர் ஞானதிரவியம், தன் காரின் ரேடியேட்டர் ஓட்டையை வீட்டிலேயே பசை வைத்துத் தானே அடைத்தார். அவர் அடைத்தால் அடைத்ததுதான். அதனால் போர்ட்டிகோவில் தினமும் ஈரம் கிடந்த பழி, வீடு துடைக்கிற மாடத்தி தலையில் விழுந்தது.

"துணியைப் பிழியாம துடைக்கே! நாளைக்கும் ஈரம் கெடந்தா வேலைக்கு வராதே."

"சரி சார்," என்றாள் மாடத்தி.

மறுநாள் சம்பந்தி வந்திருந்தார். ஞானதிரவியம் அவரிடம் தன் கைவேலையின் பெருமையை அளந்துகொண்டே, "ரேடியேட்டர்ல தண்ணி ஊத்து," என்றார். மாடத்தி சமையலறைக்குள் போய் வாளியோடு வந்து ஊற்றினாள். அவர் எஞ்சினை ஓடவிட்டார்.

காருக்கு அடியில் மஞ்சளாக ஒரு குட்டை பரவியது.

"தரையில என்னத்தக் கொட்டுன?"

"இன்னைக்கு நான் இன்னும் துடைக்கவே இல்ல சார். ரேடியேட்டர் தண்ணியிலதான் ரெண்டு கரண்டி மஞ்சப்பொடி கலந்தேன்."

சம்பந்தி குனிந்து பார்த்தார். பசை வைத்த இடத்திலிருந்துதான் மஞ்சள் சொட்டியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சொட்டு மெலிந்து, நின்றும் போனது.

"எங்கண்ணன் லாரி ஓட்டுதான் சார். ஒர்க்‌ஷாப் போய்ச் சேருற வரைக்கும் இந்தப் பொடிதான் ஓட்டைய அடைச்சுக்கிட்டு நிக்கும்."

ஞானதிரவியம் தொண்டையைச் செருமினார். "சரி சரி, தரையைத் துடை."

"துடைக்கேன் சார். இது யாரு விட்ட தண்ணின்னு மட்டும் சொல்லிருங்க."

அவர் அவள் கையிலிருந்த துணியை வாங்கினார். நன்றாகப் பிழிந்தார். பிறகு தானே குனிந்தார்.