முதலாளி கையில் பட்ட பந்து

கடலோர ஊரில் கால்பந்து இறுதிப் போட்டி. மீன் விற்கும் ஜெசிந்தாதான் நடுவர்; அவளுக்கு அது முதல் போட்டி. பெனால்டி பகுதியில் தடுப்பாட்டக்காரன் ஒருவனின் கையில் பந்து பட்டது. அவள் விசில் ஊதவில்லை.

கோல் அடிக்க வந்த அணி விசைப்படகு முதலாளி வர்க்கீஸுடையது. அவர் மைதானத்துக்குள் பாய்ந்து வந்து, தொந்திமேல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"கையில பட்டாச்சு, பெனால்டி குடு! இல்லேன்னா இதுதான் நீ ஊதுற கடைசி மேட்ச்!"

ஜெசிந்தா ஆட்டத்தை நிறுத்தி, பந்தை எடுத்துச் சட்டென்று அவர்மேல் எறிந்தாள். அது அவர் கையில் பட்டுத் தெறித்தது.

"உங்க கையிலயும் பட்டிருச்சே, முதலாளி!"

"நானா தொட்டேன்? உடம்போட ஒட்டியிருந்த கையில நீதானே கொண்டு வந்து அடிச்சே!"

"அந்தத் தம்பியும் அப்படித்தான் நின்னாரு. கையை விரிச்சு மறிச்சிருந்தா அப்பவே ஊதியிருப்பேன்."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. வர்க்கீஸுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் பத்திரமாகக் கட்டிக்கொண்டு கோட்டுக்கு வெளியே போனார்.