பயந்த சுபாவமுள்ள கேரவன்

சாத்தூரில் எனக்குத் தையல் கடை. கடைக்கு நேர் எதிர் வீடு சீனிச்சாமி மாமாவுடையது. மாமாவுக்கு மூணு பொண்ணு, மூணு மாப்பிள்ளை. மூத்தவர் தங்கப்பழம், நடு ஆள் உத்தண்டு, கடைசி வெயிலுமுத்து. மூணு சகலைக்கும் சேர்த்து ஒரே ஒரு மூளை இருந்திருந்தால்கூட இந்தக் கதை எனக்குக் கிடைத்திருக்காது. ஆனால் தங்கமான மனுஷங்க. அதையும் சொல்லிவிடுகிறேன், நாளைக்குக் காலையில் கடை திறந்தால் அவர்கள் முகத்தில்தானே முழிக்கணும்.

மாமாவுக்கு எழுபத்தெட்டு வயசு. ஒரே ஒரு ஆசைதான். குத்தாலத்துத் தண்ணி ஒரு தடவை தலையில் விழணும். ஆனால் முட்டி தேய்ந்துபோச்சு. லாட்ஜ் மாடி ஏற முடியாது, குத்த வைத்து உட்கார முடியாது. சகலைகள் மூணு பேரும் கூடிப் பேசினார்கள். மாமாவின் தோட்டத்தை விற்று ஒரு கேரவன் வாங்கிவிட்டார்கள். சினிமாக்காரங்க உட்கார்ந்திருப்பாங்களே, அந்த மாதிரி வேன். உள்ளேயே கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், நாற்காலி மாதிரி உட்காருகிற கக்கூஸ். ஜன்னலுக்குத் திரை தைத்தது நான்தான். வண்டிக்கு ஒரு வருஷம் வாரண்டி.

வண்டி வந்து சேர்ந்தது ஆவணியில். குத்தால சீசன் அப்போதுதான் முடிந்திருந்தது. சரி, அடுத்த ஆனி, ஆடிக்குப் போவோம் என்று முடிவு செய்தார்கள். ஐப்பசியில் மழை வந்தது. வண்டி ஒழுகியது.

காற்று வருவதற்காகக் கூரையில் ஒரு மூடி வைத்திருந்தார்கள். அதன் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக மாமாவின் கட்டில்மேலேயே விழுந்தது. மாமாவுக்குக் கோபமான கோபம்.

"என் தோட்டத்தை வித்து வாங்குன வண்டி ஒழுகுதா? இது சரியானாத்தான் நான் குத்தாலத்துக்கு வருவேன். இல்லேன்னா நீங்களே போய்க் குளிச்சிட்டு வாங்க."

வெயிலுமுத்து பத்தாவது வரை படித்தவர். வாரண்டிப் புத்தகத்தை எடுத்து வந்து சத்தமாக வாசித்தார். "பழுது ஏற்பட்டால் வாடிக்கையாளர் கைவைக்கக் கூடாது. பழுதான நிலையிலேயே வண்டியைக் கொண்டுவரவும்."

சர்வீஸ் சென்டர் மதுரையில். மழையில் கிளம்பினால் புது வண்டி நனைந்துவிடும் என்று, மழை நின்று, வெயில் அடித்து, கூரை காய்ந்த பிறகு கிளம்பினார்கள். அங்கே சூப்பர்வைசர் எபனேசர். நீல யூனிஃபார்ம் போட்ட, பொறுமையான மனுஷர். ஏணி வைத்து ஏறிப் பார்த்தார், உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தார்.

"எங்க சார் ஒழுகுது?"

மூணு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு சொட்டு இல்லை.

எபனேசர் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு வந்தார். தங்கப்பழம் பாய்ந்து போய்க் குறுக்கே நின்றார்.

"என்ன சார் செய்றீங்க? தண்ணி ஊத்துனா ஒழுகிரும்! புது வண்டி!"

எபனேசர் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். குழாயைக் கீழே போட்டார். "சரி சார், ஒழுகும்போது கொண்டு வாங்க" என்று சொல்லி, பழுது எதுவும் இல்லை என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.

கார்த்திகை முடிவதற்குள் ஐந்து தடவை போய்விட்டார்கள். ஐந்து தடவையும் மழை விட்ட பிறகுதான். ஐந்து தடவையும் வண்டி ஒண்ணும் தெரியாத பிள்ளை மாதிரி அங்கே போய் நின்றது. வீட்டுக்கு வந்தால், அடுத்த மழைக்கு அதே சொட்டு.

அப்புறம் கட்டில். மடக்கிச் சுவரோடு சேர்த்து வைக்கிற கட்டில் அது. தை மாசத்தில் ஒரு நாள் மத்தியானம் உத்தண்டு அதில் கொஞ்சம் கண்ணசந்தார். கட்டில் தானாக மடங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. வெளியே தெரிந்தது ஒரு கால் மட்டும்தான். சத்தம் கேட்டு மற்ற ரெண்டு பேரும் ஓடிப்போனார்கள். நானும் கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன்.

"இழுங்கய்யா!" என்றேன்.

"கைவைக்கக் கூடாது" என்றார் தங்கப்பழம். "பழுதான நிலையிலேயே கொண்டுபோகணும். புத்தகத்துல இருக்கு."

உள்ளேயிருந்து உத்தண்டின் குரல் வந்தது. "மாட்டுன ஆளே உள்ள இருந்து தள்ளலாமான்னு போட்டிருக்கா பாருங்க, சகலை."

வெயிலுமுத்து பக்கம் பக்கமாகப் புரட்டினார். "அதைப் பத்தி ஒண்ணும் போடலை."

"அப்ப வேண்டாம். வாரண்டி போயிரும். வண்டியை எடுங்க."

எடுத்தார்கள். விருதுநகர் வரும்போது உத்தண்டு பசிக்கிறது என்றார். இடுக்கு வழியாக ஒவ்வொன்றாகக் காராச்சேவு கொடுத்தார்கள். அப்படியே மதுரை வரை போனார்கள். சர்வீஸ் சென்டர் வாசலில் ஒரு வேகத்தடை. வண்டி அதில் ஏறி இறங்கியதும் கட்டில் படக்கென்று விரிந்தது. உத்தண்டு திறந்திருந்த கதவு வழியே உருண்டு, வாசலில் நின்ற எபனேசரின் காலடியில் விழுந்தார். எபனேசர் அந்தக் கட்டிலை இருபது தடவை விரித்து மடக்கிப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

மாதங்கள் ஓடின. மதுரைக்குப் போவதும் வருவதுமாக ஆனியும் வந்துவிட்டது. குத்தாலத்தில் தண்ணி கொட்டுது என்று பஸ்ஸில் வருகிறவன் போகிறவன் எல்லாம் சொன்னான். மாமா தினமும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வண்டியை முறைத்தார். பார்க்க எனக்கே மனசு கஷ்டமாக இருந்தது. ஆவணி பிறந்தால் சீசனும் போச்சு, வாரண்டியும் போச்சு.

ஒரு நாள் மூணு சகலைகளும் என் கடைக்குள் வந்து கதவைச் சாத்தினார்கள்.

"ஏன் சாத்துறீங்க?"

"மெதுவாப் பேசுங்க" என்றார் தங்கப்பழம். "வண்டி எதுக்கத்தான நிக்குது. காதுல விழுந்திரும்."

அப்புறம் ஆலோசனை ஆரம்பித்தது.

"பழுதுன்னா ஒரு இடத்துல நிக்கணுமா இல்லையா? வீட்டுல இருக்கு, மதுரைக்குப் போனா இல்லை. எங்கதான் போகுது?" என்றார் தங்கப்பழம்.

"வழியில இறங்கிருது" என்றார் உத்தண்டு. "விருதுநகர்லயா இருக்கும். அங்கதான் டீ குடிக்க நிறுத்துறோம்."

"அப்ப திரும்ப எப்படி ஏறுது?" என்றார் வெயிலுமுத்து. "வரும்போது நாம விருதுநகர்ல நிறுத்துறதே இல்லையே."

இது நியாயமான கேள்வி என்று மூணு பேரும் ஒத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார்கள். நான் ஒரு சட்டையின் பொத்தான் துளைக்கெல்லாம் காஜா எடுத்து முடித்துவிட்டேன்.

கடைசியில் வெயிலுமுத்துதான் கண்டுபிடித்தார். "எங்க பாப்பா வயித்து வலின்னு கத்தும். டாக்டர் வீட்டு வாசப்படியை மிதிச்சா வலி போன இடம் தெரியாது. ஊசின்னா பயம். அதே கதைதான் இது. அந்த நீல யூனிஃபார்மைப் பாத்ததும் பழுது பம்மிருது."

"அட ஆமா!" என்று தங்கப்பழம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்ப மதுரைக்குப் போறோம்னே அதுக்குத் தெரியக் கூடாது."

திட்டம் போட்டார்கள். வண்டிக்குக் கண் அதன் முகப்பு விளக்குதான் என்று ஏகமனதாக முடிவாச்சு. விளக்கை மூட நல்ல சிவப்புத் துணியில் என்னை ரெண்டு உறை தைக்கச் சொன்னார்கள். நாடா வைத்துத் தைத்துக் கொடுத்தேன். தைக்கச் சொன்னால் தைப்பேன், அதுதான் என் தொழில். வழி தெரியாமல் இருக்க அருப்புக்கோட்டை, மானாமதுரை, சிவகங்கை, மேலூர் என்று சுற்றிப் போவது. வண்டிக்குள் சர்வீஸ் என்ற பேச்சே எடுக்கக் கூடாது, கல்யாணத்துக்குப் போகிற மாதிரியே பேசணும். எபனேசருக்கு என் கடை போனிலிருந்து ரகசியமாகச் சொன்னார்கள். "சார், நாளைக்கு வேட்டி சட்டையில நில்லுங்க, மத்ததை நேர்ல சொல்றோம்." அவர் "சரி சரி சரி" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் கிளம்பினார்கள்.

"பொண்ணு என்ன படிச்சிருக்கு?" என்று தங்கப்பழம் வண்டிக்குக் கேட்கும்படி சத்தமாகக் கேட்டார்.

"பி.காம்" என்றார் வெயிலுமுத்து. "மாப்பிள்ளைக்குத் தூத்துக்குடி துறைமுகத்துல வேலை. உங்களுக்குத்தான் முதல் பத்திரிகைன்னு வீட்டுக்கே வந்து வச்சாங்களே."

"எங்க வீட்டுக்கு யாரும் வரலையே" என்றார் உத்தண்டு.

"தபால்ல வந்திருக்கும்."

"உங்களுக்கு நேர்ல, எனக்குத் தபாலா? என்னைய என்னன்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க? வண்டியை நிறுத்துங்க, நான் வரலை!"

மானாமதுரையில் இறங்கி நின்றுவிட்டார். பெண் வீட்டார் சார்பில் மற்ற ரெண்டு பேரும் மன்னிப்புக் கேட்டு, அவரைச் சமாதானம் பண்ணி ஏற்றுவதற்கு ஒரு மணி நேரம் ஆச்சு.

மேலூர் தாண்டினதும் வானம் இருட்டிக்கொண்டு மழை கொட்ட ஆரம்பித்தது. "ஓரமா நிறுத்துவோமா? வண்டி நனையுது" என்றார் வெயிலுமுத்து.

"முகூர்த்தம் தப்பிரும்!" என்று தங்கப்பழம் இன்னும் வேகமாக ஓட்டினார்.

கொட்டுகிற மழையில் வண்டி சர்வீஸ் சென்டருக்குள் நுழைந்தது. எபனேசர் அன்று காலையில் நிஜமாகவே ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போய்விட்டு, வேட்டி சட்டையோடு நேராக வேலைக்கு வந்திருந்தார். உள்ளே ஏறினார். கட்டில்மேல் தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தது.

"அடேங்கப்பா! நிஜமாவே ஒழுகுதே!" என்று அண்ணாந்து பார்க்கக் கட்டிலில் படுத்தார். கட்டில் மடங்கிவிட்டது.

"சார்! இழுங்க சார்!" என்று சுவருக்குள்ளிருந்து கத்தினார்.

"அது எப்படி சார் நாங்க கைவைக்கிறது?" என்றார் தங்கப்பழம் பணிவாக. "நீங்க கொடுத்த புத்தகத்துலயே போட்டிருக்கே."

மெக்கானிக்குகள் ஓடி வந்து அவரை வெளியே எடுத்தார்கள். வெளியே வந்த எபனேசர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே வேலையில் இறங்கினார். கட்டிலுக்குப் புதுக் கொக்கி போட்டார். கூரை மூடியின் ரப்பரைத் தலைகீழாக மாட்டியிருந்தார்கள், அதைக் கழற்றிச் சரியாகப் பசை போட்டு ஒட்டினார்.

"பசை காயணும். நான் சொல்ற வரைக்கும் மூடியைத் தொறக்காதீங்க" என்றார். அப்புறம் சொல்ல மறந்துபோனார்.

ஆடி மாசம் குத்தாலத்துக்குக் கிளம்பினார்கள். இடம் இருக்கிறது வாங்க என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். சிவப்பு உறை பார்க்க லட்சணமாக இருக்கிறதென்று அதைக் கழற்றவே இல்லை. மாமா கட்டிலில் படுத்துக்கொண்டே வந்தார், முகமெல்லாம் சிரிப்பு.

ஐந்தருவிப் பக்கம் வண்டியை நிறுத்தினோம். அருவிச் சத்தம் கேட்டது. ஆனால் படியெல்லாம் வழுக்கல், ஏகப்பட்ட கூட்டம், மாமாவால் நடக்க முடியாது. நான் போய்க் குளித்துவிட்டு ஈரத் தலையோடு திரும்பி வந்தேன். சாரல் நல்ல மழையாகவே பிடித்துக்கொண்டிருந்தது. வண்டிக்குள் பார்த்தால், மாமா துண்டைக் கட்டி, தலை நிறைய நல்லெண்ணெய் தேய்த்து, கூரை மூடிக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கிறார். மூணு மாப்பிள்ளைகளும் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மேலே தண்ணி படபடவென்று விழுகிறது. எபனேசர் இன்னும் திறக்கச் சொல்லாததால் மூடியை யாரும் தொடவில்லை. உள்ளே ஒரு சொட்டு இல்லை.

"ஒரு மணி நேரமா உட்கார்ந்திருக்கேன் மாப்ளே" என்றார் மாமா.

எனக்குப் பொறுக்கவில்லை. "மாமாவை ரெண்டு எட்டு வெளியே கூட்டிட்டு வந்து நிறுத்துங்கய்யா. கொட்டுதே!"

மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வெளிய நின்னு நனையவா தோட்டத்தை வித்தேன்?"

தங்கப்பழம் போனை எடுத்து எபனேசரைக் கூப்பிட்டார்.

"சார், வண்டி ஒழுக மாட்டேங்குது."

"சந்தோஷம் சார்!"

"என்ன சந்தோஷம்? முன்னால நல்லா ஒழுகிக்கிட்டிருந்த வண்டி. நீங்க தொட்ட பிறகுதான் இப்படி. வாரண்டி இன்னும் பதினோரு நாள் இருக்கு. உடனே வாங்க."

"நான் வந்து என்ன சார் செய்யணும்?" எபனேசரின் குரல் அழுகிற மாதிரி இருந்தது.

"நீங்க ஒண்ணுமே செய்ய வேண்டாம் சார். அந்த நீல யூனிஃபார்மைப் போட்டுக்கிட்டு வண்டி முன்னால வந்து நின்னா போதும். உங்களைப் பாத்ததும் பழுது ஓடிரும். பழுது ஓடிருச்சுன்னா வண்டி தானா ஒழுகிரும்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வருவார் என்று முடிவு செய்து தங்கப்பழம் போனை வைத்தார்.

மாமா நெற்றியில் வழிந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டு அதட்டினார். "சும்மா நிக்காதீங்க மாப்ளே. போய் முதல்ல அந்த ரெண்டு உறையையும் கழட்டுங்க. அவர் வந்து நிக்கிறது வண்டிக்குத் தெரிய வேண்டாமா?"