தங்கக் காது

ஒரு ஊரில் ஒரு காது இருந்தது. வலக்காது. தெருவெல்லாம் அதற்கு நல்ல பெயர்.

அதன் சொந்தக்காரி மங்களேஸ்வரி. வயது நாற்பத்தொன்று. வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு வேலை. அதை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராகிவிட வேண்டும் என்பது அவளுடைய பதினைந்து வருஷத்து ஆசை. அதற்கு ஒரு தேர்வு எழுத வேண்டும். அதில் செவித்திறன் என்று ஒரு பகுதி. ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்துவார்கள். எந்த ஸ்வரம் என்று கேட்டுச் சொல்ல வேண்டும். ஐந்துக்கு நான்கு சரியாக இருந்தால்தான் தேர்ச்சி.

மருந்துக்கடை மாடியில் ஆராவமுதன் நடத்தும் பாட்டு வகுப்பில் அவள் தினமும் சாயங்காலம் பயிற்சி எடுத்தாள். ஆராவமுதன் அவளைவிடப் பத்து வயது சின்னவர். அவர் கட்டையை அழுத்துவார், அவள் சொல்வாள். பத்துக்குப் பத்து.

"காதா மேடம் இது? தங்கம்!" என்பார் அவர்.

வலக்காது சிவந்துபோகும். அந்த மாதமே அதற்குப் புது ஜிமிக்கி கிடைத்தது. இடக்காதுக்கும் கிடைத்தது, ஜோடியாகத்தான் விற்கிறார்கள்.

நடந்தது என்னவென்றால், மங்களேஸ்வரி உட்காரும் முன்வரிசையிலிருந்து ஆர்மோனியத்தின் கட்டைகள் நன்றாகத் தெரியும். எந்தக் கட்டையில் விரல் விழுகிறது என்று கண் பார்த்து நாக்கிடம் சொல்லிவிடும். காது கேட்டு முடிப்பதற்குள் பாராட்டு வந்துவிடும்.

"என்ன தங்கக் காதாரே, இன்னைக்கும் பத்துக்குப் பத்தா?" என்றது கண்.

"எல்லாம் பயிற்சிதான்" என்றது காது. அதை அதுவே நம்பத் தொடங்கியிருந்தது.

ஆர்மோனியம் மட்டும் துக்கத்தில் இருந்தது. அதன் காந்தாரக் கட்டைக்குள் இருக்கும் பித்தளைத் தகட்டில் ஆறு மாதத்துக்கு முன் அழுக்கு ஏறிவிட்டது. காந்தாரம் தன் இடத்தைவிட்டுக் கீழே இறங்கிவிட்டது. தினமும் சாயங்காலம் அது தன் நோயைத் தானே உரக்கச் சொல்லியது. வகுப்பில் இருந்த அத்தனை பேரும் "காந்தாரம்!" என்று சொல்லி நல்ல பெயர் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

"வயித்த வலிக்குதுன்னு கத்துறேன். 'வயிறு, சரியான விடை'ங்கிறாங்கப்பா" என்று பக்கத்திலிருந்த சுருதிப் பெட்டியிடம் அழுதது.

"எனக்கு ஸ, ப ரெண்டைத் தவிர வேற பேச்சு தெரியாது. என்னை இதுல இழுக்காதே" என்றது சுருதிப் பெட்டி.

தேர்வு நாள் வந்தது. தேர்வு மையத்தில் ஆர்மோனியம் இல்லாததால் ஆராவமுதன் தன்னுடையதையே சுருதிப் பெட்டியோடு ஆட்டோவில் கொண்டுவந்தார். தேர்வாளர் அம்மாள் கண்டிப்பானவர். ஆர்மோனியத்துக்கு முன்னால் ஒரு திரையைக் கட்டச் சொல்லிவிட்டார்.

மங்களேஸ்வரி திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"என்ன தெரியுது?" என்று நாக்கு கண்ணைக் கேட்டது.

"பச்சைத் திரை. பூப்போட்டது."

"ஸ்வரம்?"

"பூதான் தெரியுது."

கண்ணும் நாக்கும் காதின் பக்கம் திரும்பின. முதல் ஸ்வரம் அதற்குள் ஒலித்து முடிந்திருந்தது. காது குத்துமதிப்பாக "ரிஷபம்" என்றது. தவறு.

"தங்கம்!" என்றது கண்.

இனி ஒன்றுகூடத் தவறக் கூடாது. காது தன் வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்க ஆரம்பித்தது. சுருதிப் பெட்டியின் ஷட்ஜத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து ஒவ்வொரு படியாக ஏறிப் பார்த்தது. பஞ்சமம். சரி. நிஷாதம். சரி. மத்யமம். அதுவும் சரி. காதுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை நாள் இந்த வேலையையா செய்யாமல் இருந்தோம் என்று தோன்றியது.

ஐந்தாவது ஸ்வரம் ஒலித்தது.

காது ஏறியது. படி இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. மறுபடி ஏறியது. கொஞ்சம் கீழே, வழுக்கலாக ஒரு படி இருந்தது.

"காந்தாரம்னு சொல்லிட்டு வா, போதும்" என்றது கண். அந்த இடத்தில் வேறு எதுவும் இருக்க முடியாது என்று அதற்குக்கூடத் தெரிந்திருந்தது.

"அது காந்தாரம் இல்லை. காந்தாரமா இருந்தது" என்றது காது.

"எதைச் சொல்லட்டும்? சீக்கிரம்!" என்று துடித்தது நாக்கு.

மங்களேஸ்வரி, "இதைக் காந்தாரம்னு சொல்ல முடியல மேடம். இறங்கியிருக்கு. ஆர்மோனியப் பெட்டியைப் பார்க்கணும்" என்றாள்.

திரைக்குப் பின்னால் ஆர்மோனியத்தின் துருத்தி விம்மியது.

தேர்வாளர் தன் விடைத்தாளைப் பார்த்தார். அதில் காந்தாரம் என்று இருந்தது. இறங்கியிருக்கு என்று இல்லை. ஆராவமுதனைத் திரும்பிப் பார்த்தார்.

"சார், பெட்டி நல்லா இருக்குல்ல?"

"போன வாரம்தான் பாலிஷ் போட்டேன் மேடம்" என்றார் அவர், மனம் புண்பட்டு.

திரையை விலக்கிப் பார்த்தார்கள். பளபளவென்று இருந்தது. ஒரு கீறல் இல்லை. ஐந்துக்கு மூன்று. தேர்ச்சி இல்லை.

"மேடம், உங்க காதுக்கு என்ன ஆச்சு? டாக்டரைப் பாருங்க" என்றார் ஆராவமுதன் வெளியே வந்ததும்.

மங்களேஸ்வரி இன்னும் ஒரு வருஷம் தட்டச்சு செய்தாள்.

அடுத்த வருஷம் அதே திரை, அதே ஆர்மோனியம். நான்கு ஸ்வரங்களைக் காது ஒன்றுவிடாமல் கேட்டுச் சொன்னது. ஐந்தாவதாக அந்தக் கட்டை வந்தது. முன்பைவிட இன்னும் இறங்கியிருந்தது. ஆர்மோனியம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

இந்த முறை கண் சொல்லித்தரத் தேவையிருக்கவில்லை.

"காந்தாரம்" என்றது காது.

ஐந்துக்கு ஐந்து. வேலை கிடைத்தது. ஆராவமுதனுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். தான் புதுசு வாங்கப் போவதால் பழைய ஆர்மோனியத்தை அவளுடைய பள்ளிக்கே அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார், பாலிஷ் போட்டு.

பள்ளியில் முதல் வகுப்பு. நாற்பது பிள்ளைகள். மங்களேஸ்வரி ஒவ்வொரு கட்டையாக அழுத்தி ஸ்வரத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே போனாள். மூன்றாவது ஸ்வரம் ஒலித்தபோது கடைசி பெஞ்சில் ஒரு பெண் முகத்தைச் சுளித்தாள்.

ஆர்மோனியம் அதைப் பார்த்தது. வலக்காதும் பார்த்தது.

"என்னம்மா?" என்றாள் மங்களேஸ்வரி.

"மிஸ், அது ஒரு மாதிரி..."

ஜிமிக்கி ஒருமுறை ஆடி நின்றது.

"ஒரு மாதிரியும் இல்லை. காந்தாரம். எழுதிக்கோ."