ஆடுதின்னாப்பாளை

“மருந்து சரியாத்தானே அம்மா கொடுத்தேன்? பிறகு ஏன் இப்படி ஆச்சு?”

மூலிகைப் பாத்தியோரம் நின்று சுடலையாண்டி கேட்டார்.

செண்பகவடிவு களை பறித்துக்கொண்டிருந்தாள். அவரைவிட வயதில் இளையவள். ஆனாலும் குரு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அவளிடம் வந்து சேர்ந்தவர் அவர். வைத்தியமும் படித்தார், தியானமும் படித்தார்.

“யார் வீட்டு ஆடு?”

“உலகம்மை ஆடு. கழிச்சல் நிக்கல. முடி சிலுத்துக் கிடந்தது. வயிறு மட்டும் உப்பியிருந்தது. குடல்புழுதான்னு பார்த்ததுமே முடிவு பண்ணிட்டேன்.”

“என்ன கொடுத்தீங்க?”

“ஆடுதின்னாப்பாளை. அரைச்சு மோர்ல கலக்கி ஊத்தினேன். புழு கொத்துக் கொத்தா விழுந்தது. உலகம்மை என் காலைத் தொட்டுக் கும்பிட்டா.”

“அப்புறம்?”

சுடலையாண்டி தலையைக் குனிந்துகொண்டார்.

“நேத்து குறைமாசத்துலயே குட்டி வீசிடுச்சு. ரெண்டு. உடம்புல முடிகூட முளைச்சிருந்தது, அம்மா.”

செண்பகவடிவின் கை நின்றது.

“சினையாட்டுக்கு அதைக் கொடுக்கவே கூடாதே.”

“தெரியும். நீங்க சொல்லியிருக்கீங்க. வயித்துல இருக்கறது பூராவும் புழுன்னு நினைச்சுட்டேன்.”

“சினைன்னு யாருக்குத் தெரியும்?”

“உலகம்மைக்குத் தெரியும். அவ வளர்க்கற ஆடுதானே! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த இலையைத் தொட்டிருக்கவே மாட்டேன். சொல்லவே இல்லையே. பாவம் மட்டும் எனக்கா?”

“மருந்து ஊத்தும்போது அவ எங்க இருந்தா?”

“பக்கத்துலதான். ஆட்டோட வாயைப் பிடிச்சுக்கிட்டிருந்தா.”

செண்பகவடிவு எழுந்து கையிலிருந்த மண்ணைத் தட்டினாள். அவரையே பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

“ஏன் சொல்லலைன்னு அவகிட்டயே கேட்டுட்டு வாங்க.”

அவர் போனார். வழி நெடுக, கேட்கவேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார்.

உலகம்மை கொட்டிலில் குத்தவைத்து ஆட்டின் மடியைப் பீய்ச்சிக்கொண்டிருந்தாள். குடிக்கக் குட்டியில்லாத மடி கட்டிப்போய்ச் சிவந்திருந்தது. பால் தரையில் விழுந்து மண்ணோடு போனது. ஆடு திரும்பித் திரும்பி வைக்கோலை முகர்ந்து கத்தியது.

அவரைப் பார்த்ததும் அவள் எழுந்துகொண்டாள்.

“வாங்க சாமி.”

வழியில் சொல்லிப் பார்த்ததில் ஒன்றே ஒன்றைத்தான் அவர் கேட்டார்.

“ஆடு சினைன்னு ஏன்மா சொல்லலை?”

உலகம்மை முந்தானையில் கையைத் துடைத்தாள்.

“சொல்லத்தான் வாயெடுத்தேன் சாமி. நீங்க மருந்தைக் கையில வச்சுக்கிட்டு கண்ணை மூடி மந்திரம் சொல்லிக்கிட்டிருந்தீங்க.”