ஏகாம்பரம் சார் வாசித்த தெலுங்கு

ஒரே ஒரு ஊரில் ஓர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி இருந்ததாம். அங்கே விரிவுரையாளர் ஏகாம்பரம். டீச்சர் சொல்லச் சொல்லப் பிள்ளைகளும் கூடச் சேர்ந்து கத்திச் சொன்னால் வாசிப்பு தானாக வரும் என்பது அவர் கட்சி.

பயிற்சிக்கு வந்த, வீட்டில் தெலுங்கு பேசும் ஓசூர்க்காரி நாகரத்னாவோ பள்ளியோடு சேர்ந்த ஒன்றாம் வகுப்புக்கு எழுத்து எழுத்தாகக் காட்டினாள்.

"ஒரு வாரமா நாலு எழுத்தா? நாளைக்கு முழுப் பாடமும் வாசிக்கணும். இல்லேன்னா மார்க் கிடையாது, அடுத்த வருஷம் வாம்மா" என்றார் ஏகாம்பரம்.

அவள் எத்தனை சொல்லியும் சாருக்கு ஏறவில்லை. அலுத்துப்போன நாகரத்னா மறுநாள் பலகையில், 'எங்கள் ஊரில் பெரிய ஏரி இருக்கிறது' என்று தெலுங்கில் ஒரு வரி எழுதினாள்.

"உங்க முறையை நீங்களே செஞ்சு காட்டுங்க சார். நான் சொல்றேன், கூடச் சொல்லுங்க. மா ஊரிலோ பெத்த செருவு உந்தி."

சார் மூன்று தடவை கணீரென்று சொன்னார். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"அருமையா வாசிச்சீங்க." நடுவில் ஓர் எழுத்தைக் குச்சியால் தொட்டாள். "இது என்ன சார்?"

சார் முதலிலிருந்து முணுமுணுத்துப் பார்த்தார். "எனக்குத் தெலுங்கு படிக்கத் தெரியாதேம்மா."

"உங்க முறையில இவங்களும் அப்படித்தான் சார் தமிழ் வாசிப்பாங்க."

முன்வரிசைச் சிறுமிக்குப் பாவமாகிவிட்டது. "டீச்சர், சாருக்கும் எழுத்து எழுத்தா காட்டுங்க."

ஏகாம்பரம் மார்க்கைப் போட்டுவிட்டு, முதல்முறையாகச் சத்தமே இல்லாமல் நடந்து போனார்.